தம்பியை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு வரி. போகலாமா?

செல்வி (தாராபுரம்):
தம்பி குட்டியானை ஓட்டுறான். போன வாரம் ஒரு குடோன்ல செப்புக்கம்பி ஏத்தி இறக்கினான். ரெண்டு சுருள் குறையுதுன்னு புகாராம். நேத்து ராத்திரி எஸ்.ஐ. வாட்ஸ்அப்ல, "காலைல 10 மணிக்கு வா, சின்ன விசாரணை". அம்மா தூங்கவே இல்ல. போனா உள்ள வெச்சிருவாங்களா?

ரவி:
செல்லை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு நாள் வெளியூர் போகச் சொல்லுங்க. தானா அடங்கிடும்.

பழைய குமாஸ்தா:
ரவி தம்பி, அந்த யோசனை வேண்டாம். ஓடினான்னு எழுத நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிடும்.

செல்விம்மா, நான் 22 வருஷம் வக்கீல் குமாஸ்தா. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள கேஸ்ல, கைது அவசியமில்லைன்னா முதல்ல எழுத்துல நோட்டீஸ் தரணும். இப்போ பி.என்.எஸ்.எஸ்.ங்கிற புது குற்ற நடைமுறைச் சட்டத்துல 35(3), பழைய சட்டத்துல 41ஏ. அதை வாட்ஸ்அப்ல அனுப்பினா செல்லாதுன்னு 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆனா அதைச் சொல்லி எஸ்.ஐ.கிட்ட சண்டை போடாதீங்க. வக்கீலோட போய், "நோட்டீஸ் கொடுங்க சார், சொன்ன தேதிக்கு வர்றோம்"னு பணிவா கேளுங்க. நோட்டீஸ் கைக்கு வந்துட்டா போயே ஆகணும்.

நான் சொல்ல வர்றது நேரத்தைப் பத்தி. காலைல கூட்டிட்டுப் போவாங்க, கைது நேரத்தை எழுதுற அரெஸ்ட் மெமோவுல ராத்திரி 8 மணின்னு இருக்கும். 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்னா, அந்த 8 மணியில இருந்து எண்ணுவாங்க. நடுவுல போன பகல் கணக்குலயே வராது. அந்தக் காலத்துல ஆளைத் தூக்கினதும் நான் தபால் ஆபீசுக்கு ஓடி எஸ்.பி.க்குத் தந்தி அடிப்பேன். தந்தியில விழுற நேரம்தான் எங்க சாட்சி. 2013ல தந்தியை மூடிட்டாங்க. இப்போ எஸ்.பி. ஆபீசுக்கு ஒரு மெயில் போடுங்க, ஸ்டேஷன் வாசல்ல டீ குடிச்சா ஜி.பே.ல காசு கொடுங்க. அதுலயும் நேரம் விழும்.

கைதுன்னா மெமோவுல வீட்டு ஆளோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்து போடணும். 1996ல சுப்ரீம் கோர்ட் சொன்ன டி.கே.பாசு தீர்ப்புல இருந்து இதுதான் நடைமுறை. போடுறதுக்கு முன்னாடி நேரத்தைப் பாருங்க. வெத்துத் தாள்ல மட்டும் கையெழுத்தே கூடாது. போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்ல நிக்காது. ஆனா அவன் சொல்லி ஏதாவது பொருள் கிடைச்சா அந்தப் பகுதி மட்டும் நிக்கும்.

ரவி:
அடிச்சிட்டா?

பழைய குமாஸ்தா:
ரிமாண்டுக்கு முன்னாடி ஜி.எச்.ல டாக்டர்கிட்ட சொல்லணும். "அடிச்சாங்களா?"ன்னு மாஜிஸ்திரேட் கேப்பார். பக்கத்துல ஏட்டு நிப்பார், பையன் தலையைக் குனிஞ்சு "இல்லை"ன்னுடுவான். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். கேக்கலைன்னாலும் வாயைத் திறந்து சொல்லணும்.

செல்வி:
அண்ணே, 3 மணிக்கு வந்துட்டான். நோட்டீஸ் கையிலயே கொடுத்துட்டாங்க, திங்கக்கிழமை மறுபடி போகணும். நடுவுல ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்குற ரைட்டர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாராம். "எழுதிக் கொடுங்க சார், வக்கீலைப் படிக்கச் சொல்லிட்டுப் போடுறேன்"னானாம். அவர் தாளை மடிச்சு டிராயர்ல வெச்சுட்டாராம்.