செர்ரி இறால் தோலுரிக்கும்போது சாகிறது, போர் தண்ணீர்தான் காரணமா?

கேள்வி (ராமேஸ்வரம் பக்கம் மண்டபம்): 40 லிட்டர் தொட்டி, ஸ்பான்ஜ் பில்டர், 15 செர்ரி இறால் (அழகுக்கு வளர்க்கும் சின்னச் சிவப்பு இறால்). போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்த உப்புகளின் அளவு) 1,100. கேன் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, வாரம் பாதித் தொட்டி மாற்றுகிறேன். செத்தவற்றின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே வெள்ளை வளையம் தெரிகிறது.

பதில்: ஓடு சுற்றிலும் பிளந்தும் வெளியே வரமுடியாமல் சிக்கியதன் அடையாளம் அது. டிடிஎஸ் மீட்டர் சுண்ணாம்பையும் சோற்று உப்பையும் பிரித்துக் காட்டாது. கடலோரப் போரில் சோற்றுப்பு நிறைய இருக்கும். ஓட்டுக்கு வேண்டியது கால்சியமும் மெக்னீசியமும். போர் தண்ணீரை விட்டுவிடுங்கள். ஆர்ஓ தண்ணீரில் இறாலுக்கான ஜிஹெச் (கால்சியம், மெக்னீசியத்தால் வரும் கடினத்தன்மை) உப்பைக் கரைத்து ஜிஹெச் 6-8, டிடிஎஸ் 200 அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரேயடியாக மாற்றினால் மிச்சமும் போய்விடும்! வாரம் 4 லிட்டர் போதும். ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

இன்னொரு பதில்: ஆவியாகிக் குறைவதற்கு வெறும் ஆர்ஓ மட்டும் ஊற்றுங்கள், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். சித்திரை வெயிலில் சின்ன ஃபேனைத் தண்ணீர் மேல் வீசவிட்டால் 2-3 டிகிரி இறங்கும். 28-ஐத் தாண்டவிடாதீர்கள். உரித்த ஓட்டை எடுக்காதீர்கள், இறாலே தின்றுவிடும். செம்பு கலந்த மீன் மருந்து வேண்டவே வேண்டாம்.