ஆச்சியின் டார்ச்

குழு: ஆச்சி வீடு

வெள்ளி

சித்தி, இரவு 8:41
கரண்ட் போய் அரை மணி நேரமாகிறது. ஆச்சி டார்ச்சை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார்கள். அது மறுபடியும் வெட்டி வெட்டி மின்னியிருக்கிறது. கன்றுக்குட்டி மிரண்டு கயிற்றை இழுத்ததில் தடுமாறிவிட்டார்கள். அடி ஒன்றும் இல்லை.

அத்தை, 8:43
அம்மாவை ஏன் தனியாக அனுப்பினீர்கள் மதினி?

சித்தி, 8:44
அடுப்படியில் இருந்தேன். சொல்லிவிட்டுப் போகிற ஆளா அவர்கள்?

சித்தப்பா, 8:50
கோயில் கொடைக்கு வந்த கடையில் வாங்கியது. ஐந்து விதமாக எரியும் என்று சொல்லி விற்றான். அம்மாவுக்கு எதற்கு ஐந்து விதம்? நாளைக்கே வேறு வாங்கிவிடுகிறேன்.

நான், 8:52
வேண்டாம் சித்தப்பா. வேறு வாங்கினாலும் பெரும்பாலும் இதே மாதிரிதான் கிடைக்கும். காலையில் ஊருக்கு வருகிறேன், சரிசெய்துவிடலாம்.

அக்கா, 8:58
ஆச்சி ஒரு தடவைதானே அழுத்துகிறார்கள், பிறகு எப்படி மாறுகிறது? வலிப்பு நோய் உள்ள சிலருக்கு இப்படி வேகமாக மின்னும் வெளிச்சமே வலிப்பைத் தூண்டிவிடும். வீட்டு டார்ச்சில் அது இருக்கவே கூடாது.

நான், 9:03
உள்ளே ஒரு சிப் இருக்கிறது அக்கா. மின்சாரம் ஒரு கணம் நின்று திரும்பினால், அடுத்த விதத்துக்கு மாறச் சொல்கிறார்கள் என்று அது எடுத்துக்கொள்ளும். ஆச்சிக்கு விரல் நடுங்குகிறது, பொத்தான் பாதி அழுந்தி மீள்கிறது. டார்ச் எங்காவது இடித்து, ஸ்பிரிங்கில் பேட்டரி அசைந்தாலும் இதே கதைதான். ஆச்சி சரியாகத்தான் அழுத்துகிறார்கள். அவர்கள் கைக்கு ஏற்றபடி டார்ச்சைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

சனி

நான், பகல் 12:20
[படம்]
முடிந்தது. முன்பக்கத்தைத் திருகிக் கழற்றினால் வட்டமாக ஒரு போர்டு. நடுவில் இருக்கும் ஸ்பிரிங் பிளஸ், விளிம்பு மைனஸ். எல்இடியின் சிவப்பு வயர் நேராக ஸ்பிரிங்குக்குப் போகிறது, அதைத் தொடவில்லை. கறுப்பு வயர்தான் சிப் வழியாகப் போனது. அதை எடுத்து, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர் வழியாக விளிம்பில் சால்டர் செய்து ஒட்டிவிட்டேன். சிப்புக்கு இனி வேலை இல்லை. அழுத்தினால் எரியும், மறுபடி அழுத்தினால் அணையும்.

அப்பா, 12:26
எத்தனை ஓம் ரெசிஸ்டர் போட்டாய்?

நான், 12:29
10 ஓம் அப்பா, அரை வாட். ரிமோட்டில் போடும் ஒல்லி பேட்டரி மூன்று, மொத்தம் 4.5 வோல்ட். எல்இடி ஏறக்குறைய 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 1.5 வோல்ட், 10 ஓம் என்றால் 150 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் கால் வாட்டுக்கும் குறைவான சூடுதான்.

சித்தப்பா, 12:33
வெளிச்சம் குறைந்துபோகுமே தம்பி.

நான், 12:36
குறைந்திருக்கிறது சித்தப்பா, அது வேண்டுமென்றே செய்ததுதான். தோட்டத்துக் கோடி வரை அடிக்காது. தொழுவத்துக்கும் கிணற்றடிக்கும் தாராளம், கண்ணும் கூசாது. அல்கலைன் பேட்டரி போட்டால் சுமார் ஆறு மணி நேரம் தாங்கும். தீரும்போது திடீரென்று அணையாமல் மெல்ல மங்கும், ஆச்சி பார்த்துச் சொல்லிவிடலாம். சார்ஜ் செய்யும் ஒல்லி பேட்டரி மட்டும் போடாதீர்கள். அது 1.2 வோல்ட்தான், மூன்றும் சேர்ந்து 3.6. வெளிச்சம் பாதிகூட வராது.

அக்கா, 12:41
என் வீட்டில் போன் சார்ஜரில் போடுகிற டார்ச் இருக்கிறதே, அதையும் இப்படி மாற்றலாமா?

நான், 12:42
அதைத் திறக்காதே அக்கா. உள்ளே லித்தியம் பேட்டரி. பிளஸ், மைனஸ் தவறித் தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கலாம்.

சித்தி, இரவு 7:55
ஆச்சி இப்போதுதான் தொழுவத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். மாடு தலையைக்கூடத் தூக்கவில்லையாம். டார்ச்சைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு யாருக்கும் தர மாட்டேன் என்கிறார்கள்.

அத்தை, 8:02
என் மாமனாரும் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு ராத்திரியில் சிரமப்படுகிறார். தீபாவளிக்கு வரும்போது கொண்டுவரட்டுமா?

நான், 8:03
கொண்டுவாருங்கள் அத்தை. 10 ஓம் ரெசிஸ்டர் இன்னும் நான்கு இருக்கிறது.