ராஜபாளையம் நாய்க்கு சோக் செயின் அவசியமா?

வேட்டைப்பேரன்:
தீபாவளிக்கு ஊருக்குச் செல்பவர்கள் நாயை இரவுத் தங்கலுக்கு விட்டுச்செல்லும் காலம் இது. எங்கள் போர்டிங்கிற்கு வரும் ராஜபாளையம் நாய்களுக்கு முதல் நாளே, இழுத்தால் கழுத்தில் இறுகும் சங்கிலியான சோக் செயினை மாட்டிவிடுகிறோம். ட்ரீட் கொடுத்துப் பழக்குவது லாப்ரடாருக்குச் சரிப்படும். வேட்டை நாயோ, கழுத்தில் சுருக்கு இறுகினால்தான் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும். தலைமுறைகளாக நாய் வளர்க்கும் குடும்பத்திலிருந்து இதைச் சொல்கிறேன்.

அடையாறு மீனா:
கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை என்று சுருக்கை இறுக்குகிறீர்களே, அந்த நாய்க்குக் காது கேட்கிறதா என்று ஒருமுறையாவது பார்த்தீர்களா ஐயா? பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு என்பது அந்த இனத்தை வளர்ப்பவர்கள் அறிந்த செய்தி. உட்செவியில் நிறமிச் செல்கள் இல்லாமற்போனால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகின்றன. டால்மேஷியனிலும் இதுவே நடக்கிறது. ஒரு காது மட்டும் கேட்கும் நாய், குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் தடுமாறும். அதைத் திமிர் என்று எண்ணிக் கழுத்தை நெரிப்பது கொடுமை.

வேட்டைப்பேரன்:
நான் சொன்னது காது கேட்கும் நாய்களைப் பற்றி. நாய் ஓநாயின் வழிவந்தது. கூட்டத்தில் தலைவன் யாரென்று அதற்குக் காட்டியாக வேண்டும். சோக் செயின் அதற்குத்தான். சென்ற மாதம் தெருநாய் விவாதத்திலும் தாங்கள் இப்படித்தான் எல்லோருக்கும் பாடம் நடத்தினீர்கள்.

அடையாறு மீனா:
பழைய கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். தாங்கள் சொல்லும் தலைவன் கதை, தொடர்பில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் வைத்துப் பார்த்ததில் பிறந்தது. அதை 1970இல் தம் நூலின் வழியே பரப்பிய டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999இல் எழுதிவிட்டார். விலங்கு நடத்தையைக் கையாளும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம், எல்லா நாய்களுக்கும் பரிசளித்துப் பழக்கும் முறையையே 2021இல் பரிந்துரைத்தது. அதில் ராஜபாளையத்துக்கு விலக்கு எதுவும் இல்லை.

சாத்தூர்க்காரன்:
எங்கள் பக்கத்து வேட்டை நாயான சிப்பிப்பாறைக்குத் தலை குறுகலானது. சாதாரணக் கழுத்துப்பட்டையை நொடியில் உருவிக்கொண்டு ஓடிவிடும். தீபாவளி வெடிச் சத்தத்தில் நாய் சாலைக்கு ஓடினால் யார் பொறுப்பு? அடுக்குமாடியில் இருப்பவர்கள் எங்கள் மண்ணின் நாயை வாங்குவதே தவறு.

அடையாறு மீனா:
உருவிக்கொள்ளும் நாய்க்கு, ஓரளவுக்கு மேல் இறுகாத மார்ட்டிங்கேல் பட்டை இருக்கிறது. உடம்புக்குப் பொருந்தும் ஹார்னசும் இருக்கிறது. கழுத்துப்பட்டையில் நாய் இழுக்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் உயர்கிறது, ஹார்னசில் அவ்வாறு உயர்வதில்லை என்று 2006இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். சாதாரணப் பட்டைக்கே இந்நிலை என்றால், இழுக்க இழுக்க இறுகும் சங்கிலி என்ன செய்யும்?

சாத்தூர்க்காரன்:
அடுக்குமாடியைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. 2005இல் அஞ்சல்தலை வந்தபோதுகூட ராஜபாளையத்துக்குத்தான் இடம் கொடுத்தார்கள், சிப்பிப்பாறையை மறந்தார்கள். இப்போதும் அதே அலட்சியம்தான்.

வேட்டைப்பேரன்:
அஞ்சல்தலைக்கு இடம் கிடைத்தது தகுதியால். அது இருக்கட்டும். என் போர்டிங்கில் ராஜபாளையம் நாய்கள் ட்ரீட்டை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் கண்ணால் காண்பதை ஆய்வு மாற்றிவிடாது. சோக் செயின் மாட்டிய மறுநாளே அடங்கிவிடுகின்றன.

அடையாறு மீனா:
அஞ்சிய நாய் உணவைத் தொடாது. புதிய இடம், அறியாத நாய்கள், உரிமையாளரின் வாசனை இல்லாத இரவு. இவற்றோடு கழுத்தில் இரும்பும் விழுந்தால் எந்த நாய்தான் தின்னும்? தாங்கள் அடக்கம் என்று பெருமைப்படுவது, வழியற்றுப் போன நாய் அச்சத்தில் உறைந்து நிற்பது. இரவு தங்கவைப்பதற்கு முன் சில பகற்பொழுதுகள் அங்கே விட்டு, வீட்டுப் போர்வையையும் உடன் அனுப்பி, கையசைவைக் கண்டதும் ஒரு துண்டு கோழி கொடுத்துப் பழக்கினால், செவிட்டு நாய்கூட ஓடி வரும். அதற்கான பொறுமை இல்லாதவர்கள் போர்டிங் நடத்த வேண்டாம்.

வேட்டைப்பேரன்:
என் தொழிலை நடத்த யாருடைய அனுமதியும் எனக்குத் தேவையில்லை அம்மா. காது கேட்கும் நாய்க்கு சோக் செயின் போடுவேன்.

அடையாறு மீனா:
கேட்கிறது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? இரண்டு காதையும் தனித்தனியே அறிய மருத்துவச் சோதனை வேண்டும். கைதட்டிப் பார்த்தால் ஒரு காது செவிடான நாயும் திரும்பும். இதற்கு விடை சொல்லுங்கள்.

சாத்தூர்க்காரன்:
முதலில் சிப்பிப்பாறைக்குத் தகுதி இல்லை என்று பொருள்படப் பேசியதற்கு அவர் விடை சொல்லட்டும்.