அடையாள அட்டை இலக்கமா, பள்ளிக்கூட இலக்கமா?

வணக்கம், யாழ்ப்பாணம் கோப்பாயிலிருந்து எழுதுகிறேன். தங்கையின் மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு ஒரு கணினிப் பயிற்சிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறாள். ‘அடையாள இலக்கம்’ என்ற பெட்டியில் பள்ளிக்கூடச் சேர்விலக்கத்தை அடித்தாள். ஐந்தே இலக்கம், சிவப்பு எழுத்தில் பிழை காட்டியது. பரீட்சைச் சுட்டெண்ணும் எடுபடவில்லை.

தேசிய அடையாள அட்டைக்கு விதானையாரிடம் (கிராம அலுவலர்) கையெழுத்து வாங்கிக் கொடுத்தாயிற்று, அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. என் பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ‘வி’யும். அவளுக்கு வரப்போவது 12 இலக்கம்: முதலில் பிறந்த ஆண்டு, பிறகு அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்பிள்ளை என்றபடியால் 500 கூட்டி. அதை வைத்து நானே கணக்குப் போட்டு அடிக்கலாமோ என்றுகூட யோசித்தேன் (மிச்ச ஐந்து இலக்கத்துக்கு எங்கே போவது!).

பரீட்சைக்குத் தபால் கந்தோரில் எடுத்த தபால் அடையாள அட்டையோடுதான் போனாள். அந்த இலக்கத்தை ஏற்பார்களா, கடவுச்சீட்டுத்தான் வேண்டுமா? இப்படி மாட்டுப்பட்டவர்கள் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.