கப்பலூர் வேலையை விட்டுச் சொந்தப் பட்டறை போடலாமா?

கேள்வி:
மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் (இரும்பு கடையும் மெஷின்) வேலை பார்க்கிறேன், எட்டு வருஷமாக ஒரே கம்பெனி. பி.எஃப். உண்டு. கே.புதூரில் ஒரு பழைய லேத்தும் ட்ரில்லிங் மெஷினும் விலைக்கு வருகின்றன. ஷாஃப்ட், புஷ் போன்ற மெஷின் பாகங்கள் செய்யும் வேலை கொடுக்க ஒரு பார்ட்டி தயார். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். எனக்கோ, கையில் தொழில் இருந்தும் அடுத்தவர் பட்டறையிலேயே வயதாகிவிடுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருமங்கலம் பட்டறைக்காரர்:
தம்பி, வேலை கிடைக்கும், அதில் பயமில்லை. பணம் வருவதுதான் பெரும்பாடு. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை முதலில் செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வேலை வாங்கியவர் சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஆனாலும் சில பார்ட்டிகள் மூன்று மாதம் இழுப்பார்கள். அழுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. வாடகை, கரண்ட் பில், வீட்டுச் செலவு என நாலு மாதத்துக்குப் பணம் ஒதுக்காமல் இறங்காதீர்கள். ஒரே பார்ட்டியை நம்பி இறங்கவே கூடாது.

இன்னொருவர்:
பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். இப்போதே விட்டாலும் பென்ஷன் பணத்தை எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் (சர்வீஸ் காலத்துக்கு பி.எஃப். ஆபீஸ் தரும் சான்று) வாங்கிவையுங்கள், பின்னால் வேறு வேலைக்குப் போனால் இந்த எட்டு வருஷமும் சேரும். அப்புறம், பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் சுயதொழில் திட்டக் கடனில், நகரமா கிராமமா என்பதையும் விண்ணப்பிப்பவரின் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம் உண்டு. இந்த மானியத்தைப் புதுத் தொழிலுக்குத்தான் தருவார்கள், எனவே மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

கேட்டவர்:
சரிங்க அண்ணே. திங்கட்கிழமை தொழில் மையம் போகிறேன். இரண்டாவது பார்ட்டி அமையும் வரை வேலையை விடவில்லை.