பைக் விபத்து வழக்கு: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு"ன்னு எல்லாரும் சொல்றாங்க. கட்டலாமா?

பதிவிட்டவர்: ஸ்பிளெண்டர்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 23, திண்டுக்கல் மாவட்டம். பி.காம். முடிச்சுட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன். பதினோரு நாளா புத்தகத்தைத் தொட முடியல.

அன்னைக்கு சாயங்காலம் அஞ்சே முக்கால் இருக்கும். வத்தலக்குண்டு ரோட்டுல அப்பாவோட ஸ்பிளெண்டர்ல வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன். லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரியா இருக்கு. வேகம் அம்பது, அதுக்கு மேல சத்தியமா இல்ல. முன்னாடி ஒரு பெரியவர் எக்ஸெல்ல போனார். பின்னாடி சோளத்தட்டைக் கட்டு. ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருந்ததுல பின்னாடி இருக்குற இண்டிகேட்டரே கண்ணுக்குத் தெரியல. ஹாரன் அடிச்சுட்டு வலது பக்கமா முந்தினேன். பாதி தாண்டுறப்போ அவர் சட்டுனு வலது பக்கம் தோட்டத்துப் பாதைக்குத் திருப்பிட்டார். பிரேக் பிடிச்சும் வண்டி நிக்கல. ரெண்டு பேரும் விழுந்தோம். அவரைத் தூக்கி உட்கார வச்சு 108-க்கு போன் போட்டது நான்தான். அவருக்கு முன்கை எலும்புல விரிசல். எனக்கு இடது முட்டியில ஏழு தையல்.

மூணாம் நாள் ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டாங்க. அவர் மகன் புகார் கொடுத்திருக்கார். "என் தந்தை சாலையின் இடது ஓரமாகச் சென்றுகொண்டிருந்தபோது, பின்னால் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி"ன்னு எஃப்ஐஆர்ல இருக்கு. மகன் அந்த இடத்துலயே இல்ல. என் வேகத்தை யாரும் அளக்கவும் இல்ல. பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த புதுச் சட்டம்) 281, 125(ஏ), அதாவது அஜாக்கிரதையா ஓட்டினது, காயம் உண்டாக்கினதுன்னு போட்டு ஸ்டேஷன் ஜாமீன்ல விட்டாங்க. வண்டி இன்னும் அங்கதான் நிக்குது. நான் சொன்னதை யாரும் எழுதிக்கல. சொந்தக்காரங்க எல்லாரும் "கோர்ட்டுல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வா, ஒரே நாள்ல முடிஞ்சிரும்"னு சொல்றாங்க. நான் செய்யாததை எப்படி ஒத்துக்கிறது? ஒத்துக்கிட்டா போலீஸ் வேலை என்ன ஆகும்?

தாராபுரத்தான்

ப்ரோ, எங்க அண்ணனுக்கும் இதே மாதிரி கேஸ். ஆயிரத்துச் சொச்சம் கட்டினார், முடிஞ்சுது. வக்கீலுக்குக் கொடுக்கிற காசுக்கு இது மேல். கட்டிட்டு படிக்கிற வேலையைப் பாருங்க.

பிரேக்_இன்ஸ்பெக்டர்_ஓய்வு

தம்பி, அவசரப்பட்டு எதையும் ஒத்துக்காதே. மோட்டார் வாகன ஆய்வாளரா இருந்து ஓய்வு பெற்றவன் நான். உன் வண்டியையும் எக்ஸெல்லையும் ஆய்வாளர் பார்த்துட்டாரா? பார்க்கலைன்னா அதுக்கு முன்னாடி யாரும் எதையும் நிமிர்த்தவோ, கழுவவோ, ரிப்பேர் பண்ணவோ கூடாது. யார் மேல தப்புன்னு நாங்க எழுத மாட்டோம். பிரேக் வேலை செய்யுதா, எங்கெங்கே சேதம், இயந்திரக் கோளாறு காரணமா இல்லையா, அவ்வளவுதான். ஆனா அந்த சேதக் குறிப்பு பல கேஸ்ல பேசியிருக்கு.

இடது ஓரமா நேராப் போன வண்டியைப் பின்னால மோதினா பின் மட்கார்டு, நம்பர் பிளேட், டெயில் லைட் போயிருக்கணும். உன் வண்டியில முன் சக்கரமும் ஃபோர்க்கும் அடி வாங்கியிருக்கணும். எங்கெங்கே அடின்னு பார்த்துச் சொல்லு.

ஸ்பிளெண்டர்_தம்பி

ஐயா, ரொம்ப நன்றி. இன்னைக்கு ஸ்டேஷனுக்குப் போய் வெளியில நின்னே பார்த்தேன். ரெண்டு வண்டியும் வேப்ப மரத்தடியில பக்கத்துல பக்கத்துல நிக்குது. எக்ஸெல்லோட டெயில் லைட்ல ஒரு கீறல்கூட இல்ல. வலது ஃபுட்ரெஸ்ட் உள்பக்கமா மடங்கியிருக்கு. என் வண்டியில இடது இண்டிகேட்டர் இல்ல, லெக் கார்டு இடது பக்கம் பின்னால வளைஞ்சிருக்கு. அந்த வளைவுல ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை பெயிண்ட் ஒட்டியிருக்கு. எக்ஸெல் பச்சை. இன்ஸ்பெக்‌ஷன் வியாழக்கிழமைன்னு சொன்னாங்க.

பிரேக்_இன்ஸ்பெக்டர்_ஓய்வு

நல்ல சங்கதி. அந்தப் பச்சை அறிக்கையில வரணும். ஆய்வாளர்கிட்ட மரியாதையா, "சார், இதையும் பாருங்க"ன்னு காட்டு. நீயும் தேதியோட போட்டோ எடுத்து வை.

ஆனா இது மட்டும் உன்னைக் காப்பாத்தாது. முந்தும்போது ஒட்டிப் போய் உரசினாலும் இதே மாதிரிதான் அடி விழும், எதிர்த் தரப்பு அதைத்தான் சொல்லும். அதனால விழுந்த இடம் முக்கியம். சோளத்தட்டை ரோட்டுல எங்க சிதறிக் கிடந்துச்சு? நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்னா, "இடது ஓரமாப் போனார்"ங்கிற பேச்சு நிக்காது. ஸ்டேஷன்ல போடுற ரஃப் ஸ்கெட்ச்ல சம்பவ இடம் எங்க குறிச்சிருக்குன்னு வக்கீல் மூலமாப் பார்.

மனசுல பட்டதையும் சொல்லிடுறேன், கோவிச்சுக்காதே. அப்படிக் கட்டு கட்டின வண்டிக்காரருக்குப் பின்னால வர்றது தெரியாது, ஹாரனும் சரியாக் கேக்காது. கொஞ்சம் பின்னாலயே வந்திருக்கலாம். அது குற்றம் இல்ல, ஆனா வாழ்நாள் பூரா ஓட்டப் போறவன் நீ.

மதுரை_வக்கீல்

நண்பருக்கு வணக்கம். சின்ன கேஸ் மாதிரிதான் தெரியும். 281-க்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 125(ஏ)-க்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் எலும்பு விரிசலும் முறிவுதான், சட்டத்தில் அது பலத்த காயம். காயச் சான்றிதழ் வந்ததும் 125(பி) என்று மாற்றிவிடுவார்கள், அது மூன்று வருடம் வரை போகும். அப்போது "ஒத்துக்கிட்டேன்" என்று சொல்வது வேறு விஷயம் ஆகிவிடும். அபராதம் கட்டினாலும் அது தண்டனைதான். தீர்ப்பில் உங்கள் பெயர் குற்றவாளி என்று நிற்கும். உங்கள் முட்டிக்கு நீங்கள் இழப்பீடு கேட்டாலும் அதே தீர்ப்பை எடுத்து உங்கள் முன் வைப்பார்கள்.

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வாசகம் நான் பார்த்த விபத்து எஃப்ஐஆர் எல்லாவற்றிலும் இருக்கிறது. அது நிரூபணம் ஆகாது. கர்நாடக அரசு எதிர் சதீஷ் என்ற 1998 வழக்கில் உச்ச நீதிமன்றமே, வேகமாக ஓட்டினார் என்பதால் மட்டும் அஜாக்கிரதை என்று ஆகிவிடாது என்று சொல்லியிருக்கிறது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் காலம் சார்ஜ் ஷீட்டுக்கு முந்தைய காலம். அதை வீணாக்காதீர்கள். நடந்ததை உங்கள் தரப்பில் புகாராக எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) வாங்குங்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. அந்தப் பாதை முனையில் கடை, பங்க், பால் சொசைட்டி எதிலாவது கேமரா இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நாளாக ஆகப் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பதிவு கிடைத்தால் சாட்சியச் சட்டம் 2023-ன் பிரிவு 63 சான்றிதழோடு (மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவைப்படும் சான்றிதழ்) வாங்க வேண்டும், வெறும் வாட்ஸ்அப் வீடியோ போதாது. இதெல்லாம் சேர்ந்தால் விசாரணை அதிகாரியே "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்", அதாவது புகாரில் சொன்னபடி நடக்கவில்லை என்று வழக்கை மூட வழி உண்டு. மூடாமல் சார்ஜ் ஷீட் போட்டால், நீங்கள் கோர்ட்டில் ஆஜரான 14 நாளுக்குள் எல்லா நகலும் இலவசமாகத் தர வேண்டும். அதைப் படிக்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று, இதுதான் உங்களுக்கு முக்கியம். "பெரியவர்கிட்ட பேசி பிறழ் சாட்சி ஆக்கிடலாம்", அதாவது கோர்ட்டில் மாற்றிச் சொல்ல வைத்துவிடலாம் என்று யாராவது வருவார்கள். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) இருக்கிறது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்கிறது அந்த விதி. மற்றவர்களுக்குக் கைகொடுக்கும் அந்தக் குறுக்குவழி உங்கள் வேலைக்குக் குழி. வழக்கு மூடப்பட வேண்டும், அல்லது நீங்கள் குற்றமற்றவர் என்று தெளிவாகத் தீர்ப்பு வர வேண்டும்.

வெள்ளியணை_அக்கா

தம்பி, வக்கீல் சார் சொல்றதைக் கேளு. என் கூடப்பிறந்தவன் 21 வயசுல இதே மாதிரி கேஸ்ல ஃபைன் கட்டிட்டு வந்தான். அப்போ வீட்டுல எல்லாரும் நிம்மதியாத் தூங்கினோம். நாலு வருஷம் கழிச்சு காவலர் தேர்வுல எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாம் தேறினான். விண்ணப்பத்துல "வழக்கு ஏதும் உண்டா"ங்கிற இடத்துல இல்லைன்னு எழுதிட்டான். முடிஞ்சு போன கேஸ்தானேன்னு நினைச்சான். விசாரணைக்கு வந்தவங்க பழைய கேஸ் நம்பரோட வந்தாங்க. தேர்வு ரத்து. அன்னைக்கு ராத்திரி அந்த ஓட்டப் பயிற்சி ஷூவை எங்கம்மா பரண்ல தூக்கி வச்சது இன்னும் அங்கயே இருக்கு.

எது எப்படிப் போனாலும் வழக்கு இருக்குன்னு எழுது, மறைக்காதே. வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா 15100-க்கு போன் பண்ணு, சட்டப் பணிகள் ஆணைக்குழு. தகுதி இருந்தா காசில்லாம வக்கீல் தருவாங்க.

ஸ்பிளெண்டர்_தம்பி

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அதுக்கப்புறம் ஃபைன் பேச்சை அவங்க எடுக்கல.

வக்கீல் சார், ஒரு சந்தேகம். பெரியவர் ஜிஹெச்லதான் இருக்கார், கை கட்டோட. அவர் மேல எனக்குக் கோபமே இல்ல. நான் கேஸ் நடத்தினா அவருக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்காமப் போயிடுமா? அம்மா அவரைப் பார்த்துட்டு வரணும்னு சொல்றாங்க.

மதுரை_வக்கீல்

மோட்டார் வாகனச் சட்டம் 164-ன்படி, தப்பு யார் மேல் என்று நிரூபிக்காமலே பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம். உங்கள் வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி மேல் அவர் மனு போடட்டும். அதற்காக நீங்கள் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அம்மா தாராளமாகப் போகட்டும், நீங்கள் போகாதீர்கள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், பணமும் கொடுக்க வேண்டாம். நலம் விசாரித்துவிட்டு வரட்டும்.

ஸ்பிளெண்டர்_தம்பி

வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுது. ஆய்வாளர் குனிஞ்சு அந்தப் பச்சையை நகத்தால சுரண்டிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லல, எழுதிக்கிட்டார். சிஎஸ்ஆர் ரெண்டு தடவை அலைஞ்சு வாங்கிட்டேன். தோட்டத்துப் பாதைக்கு எதிர்ல இருக்குற டீக்கடை கேமரா கல்லாவைத்தான் பார்க்குது. ஆனா ஓரத்துல ரோடு கொஞ்சம் தெரியுது. நாங்க விழுந்தது அதுல இல்ல. விழுறதுக்கு முன்னாடி எக்ஸெல் நடு ரோட்டுல குறுக்கா வர்றது மூணு செகண்டு இருக்கு. கடைக்காரர் பெட்டியைத் தொடாம வச்சிருக்கேன்னு சொன்னார், சான்றிதழ் வக்கீலைக் கேட்டு எழுதணும்.

அம்மா நேத்து போய்ட்டு வந்தாங்க. ஹார்லிக்ஸும் அரை டஜன் சாத்துக்குடியும் கொண்டு போனாங்க. கேஸைப் பத்தி எதுவும் பேசலையாம். அவர்தான், "பையன் முட்டி ஆறிடுச்சா?"ன்னு கேட்டாராம்.