சிவப்புக் குறிகளைக் காட்டி மிரட்டியவன்

கும்பகோணத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற மாதம் தம் மடிக்கணினியுடன் வந்தார். ரயில் நேரம் தேடிக்கொண்டிருந்தபோது, மைக்ரோசாப்ட் சின்னத்துடன் ஒரு நீலப் பக்கம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஓயாத எச்சரிக்கை ஒலியுடன் ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டியிருக்கிறது. சார் அந்த எண்ணை அழைத்துவிட்டார். எடுத்தவன் மிகப் பணிவாகப் பேசி, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் செய்து, அதில் தெரிந்த எண்ணையும் கேட்டு வாங்கி உள்ளே வந்துவிட்டான்.

முதலில் அவன் காட்டியது எதுவுமே பொய்யில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கணினியில் நடப்பவற்றைப் பதிந்துவைக்கும், விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அங்கிருந்த சிவப்புக் குறிகளையும் மஞ்சள் முக்கோணங்களையும் ஒவ்வொன்றாகச் சுட்டி, எல்லாமே வைரஸ் என்றிருக்கிறான். நன்றாக ஓடும் கணினியிலும் அத்தகைய பதிவுகள் மலிந்து கிடக்கும். அவற்றுள் அடிக்கடி தென்படும் டிஸ்ட்ரிபியூட்டட்காம் 10016 என்ற பிழைப்பதிவைப் பொருட்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. அடுத்து, கருப்புச் சாளரத்தில் ‘ட்ரீ’ என்ற கட்டளையை ஓடவிட்டு, கோப்புறைப் பெயர்கள் மளமளவென்று ஓடி முடிந்ததும், ‘ஹேக்கர் நுழைந்துள்ளார்’ என்று அடியில் தானே தட்டச்சு செய்திருக்கிறான். கட்டணம் செலுத்த வங்கித் தளத்தைத் திறக்கச் சொன்ன நேரத்தில் சாரின் மகள் வந்து வைஃபையை அணைத்ததால் பணம் தப்பியது.

அந்த நீலப் பக்கம் தோன்றியதாலேயே கணினி கெட்டுவிடுவதில்லை. எஸ்கேப் விசையைச் சற்று அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் டாஸ்க் மேனேஜர் வழியாக உலாவியை மூடலாம். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதே இல்லை. ஆனால் அந்நியன் ஒருவன் உள்ளே வந்து போன கணினியில் செயலியை நீக்கினால் மட்டும் போதும் என்று நான் நம்புவதில்லை. கோப்புகளைப் படியெடுத்துவிட்டு விண்டோஸை முழுவதும் புதிதாக நிறுவினேன். கடவுச்சொற்களை மகளின் கைபேசியிலிருந்து மாற்றச் சொன்னேன்.

மறுமொழி:

வங்கியில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். இதே வலையில் விழுந்து ஓடிபியையும் சொல்லிவிட்ட வாடிக்கையாளர் ஒருவர், வீட்டில் திட்டுவார்களே என்று தயங்கி, ஒரு வாரம் கழித்தே எங்கள் கிளைக்கு வந்தார். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பை வங்கி ஏற்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தால் அதை முடக்க வாய்ப்புண்டு. அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்திருங்கள், குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள்.